பிழிய முடியாத சாரம்

எங்கள் கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று தொடங்கப் போவதாகவும், அதை நடத்த ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் வேண்டும் என்றும் முதல்வர் அம்மா தொலைபேசியில் சொன்னபோது, அந்த ஒருவர் நான்தான் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். செல்லின் உட்கருவைப் பிரித்தெடுக்கும் வேலையில் திண்டுக்கல்லில் என் அளவுக்குக் கை பழகியவர் இல்லை. பிறகுதான் தெரிந்தது, எனக்குப் பின் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவரையும் அழைத்திருக்கிறார். இருவரும் ஒரே தலைப்பில் அரைமணி நேரம் பேச வேண்டும்; மாணவர்கள் யாரைக் கேட்கிறார்களோ அவருக்கு வகுப்பு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நேர்முகத் தேர்வு.

அவரைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கும்படி நடந்துகொள்வார், அதுதான் தொந்தரவு. சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். எந்தக் கருவியையும் துடைத்து வைத்ததில்லை. ஆனாலும் மாணவர்கள் அவரோடுதான் கேண்டீனுக்குப் போவார்கள்.

தலைப்பை நான்தான் சொன்னேன், எனக்கு வாகானதாகப் பார்த்து. குரோமோசோம் உட்கருவுக்குள் கொட்டிவிட்ட நூலாகக் கிடப்பதில்லை. உள்ளே புரதங்களால் ஆன ஒரு சட்டகத்தை ஆங்காங்கே பற்றிக்கொண்டு, இடையில் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பற்றும் இடங்கள் பெரும்பாலும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எளிதில் பிரிந்துகொள்ளும் நிலையற்ற இடங்கள். ஏன் அங்கே என்பதுதான் கேள்வி.

நான் முதலில் பேசினேன். அந்தச் சட்டகத்துக்கு ‘உட்கருச் சாரம்’ என்று நல்ல தமிழில் பெயர் சொன்னேன். உறையைக் கரைப்பது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களை உப்புக் கரைசலில் கழுவி நீக்குவது, நொதியால் வளையங்களை வெட்டுவது, மிச்சம் ஒட்டியிருப்பதைச் சோதிப்பது. ஒரு படியும் விடவில்லை. முடிந்ததும் சித்தையன்கோட்டை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சார், அந்தச் சாரத்தைக் கடைசியில எப்படிப் பிழியணும்? துணியிலயா, மிஷின்லயா?”

நான் சொன்னது கட்டிடத்துக்குக் கட்டும் சாரம். அவர்கள் அரைமணி நேரமாக எழுதிக்கொண்டிருந்தது இஞ்சிச் சாரம். வகுப்பு முழுக்க ஒருவர்கூட வேறு மாதிரிப் புரிந்துகொள்ளவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து, ஜன்னலுக்கு வெளியே பாதி எழும்பி நின்ற விடுதிக் கட்டிடத்தைக் காட்டினார்.

“அந்தா கொத்தனார் ஏறி நிக்கிறாருல்ல, அந்தச் சாரந்தான். பிழிஞ்சா ஆளு விழுந்துருவாரு.”

சிரிப்பு அடங்குவதற்குள் பையிலிருந்து தேங்காய் நார்க் கயிறு ஒன்றை எடுத்தார். அந்தப் பெண்ணிடம் பென்சிலைக் கொடுத்துக் கயிற்றுக்குள் நுழைக்கச் சொன்னார். நுழையவில்லை. கையால் நெருடி, முறுக்கு நெகிழ்ந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு புரிகளையும் விலக்கினார். பென்சில் உள்ளே போய் நின்றது. முறுக்கு இறுகின இடத்தில் எதுவும் பிடிக்காது, புரி நெகிழும் இடத்தில்தான் சாரம் பிடிக்கும் என்றார். என் உப்பு, நொதி எல்லாம் அந்த ஒரு பென்சிலோடு போயிற்று.

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. “தம்பி, உப்புல கழுவினப்புறம்தான் அந்தச் சாரம் கண்ணுக்குத் தெரியுது. உயிரோட இருக்கிற செல்லுல அது அப்படியே இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?” ஆராய்ச்சியாளர்களே இன்னும் அடித்துக்கொள்ளும் கேள்வி. தடுக்கி விழுவார் என்று காத்திருந்தேன்.

“அண்ணே, எனக்குத் தெரியாது. நீங்க செஞ்சு பாத்தவுக. நீங்களே சொல்லுங்க.”

தெரியாது என்றதற்குக் கைதட்டினார்கள். தெரிந்ததை நான் சொல்லத் தொடங்கியதும் சாப்பாட்டு மணி அடித்தது.

வகுப்பு அவருக்குப் போயிற்று. நான் அப்பப்ப வந்து வழிகாட்ட வேண்டும் என்றார் முதல்வர் அம்மா. நிர்வாக மொழியில் ‘அப்பப்ப’ என்றால் என்னவென்று அறியாதவன் இல்லை நான்.

நேற்று அவரே கூப்பிட்டார். உப்பில் கழுவிய உட்கருவைச் சுற்றி டிஎன்ஏ வளையங்கள் விரிந்து, ஒளிவட்டம் போலத் தெரியும் படம் ஒன்று நான் எடுத்தது உண்டு. இந்த ஊரில் அப்படி ஒரு படம் வேறு யாரிடமும் கிடையாது. இந்தச் சனிக்கிழமை அதைக் காட்ட வேண்டுமாம். என் பெயரைச் சொல்லித்தான் காட்டுவாராம்.

கோப்பு பழுதாகிவிட்டது, திறக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். அடடா என்று மிகவும் வருத்தப்பட்டார்.

நன்றாகத்தான் திறக்கிறது. இன்று காலையிலும் திறந்து பார்த்தேன்.