மதர் எக்க

என் தையல் பெட்டிக்குள் பொத்தான்களோடும் ஊசிகளோடும் ஒரு கொன்டென்சர் கிடக்கிறது. சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். கறுப்பு உறை, ஒரு பக்கத்தில் வெள்ளிக் கோடு, அடியில் இரண்டு கம்பிக் கால்கள். நல்ல கொன்டென்சரின் தலை தட்டையாக இருக்கும். இதன் தலையோ பணியாரம் போல ஊதி, நடுவில் வெடித்து, மண்ணிறத்தில் எதையோ கக்கிக் காய்ந்திருக்கிறது. பொத்தான் தேடும் போதெல்லாம் இதுதான் முதலில் கையில் அகப்படும். எரிச்சலோடு ஒதுக்கி வைப்பேன், எறிய மட்டும் மனம் வராது. மச்சாள் கழற்றிப் போட்டவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. எங்கள் முறைப்படி அவருக்கு நானும் மச்சாள்தான். ஆகவே வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் இருந்த அந்தச் சின்ன பிளாட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும் ஒரே சொல்தான். அண்ணன் லண்டனுக்குப் போய்விட்டான். விசா வரும்வரை மச்சாள் என்னோடு இருப்பதென்று ஏற்பாடு. சில மாதங்களில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. வன்னிப் பாதை மூடி, சண்டை இறுகி, கொழும்பில் சந்திக்குச் சந்தி செக்பொயின்ற் முளைத்திருந்த காலம் அது. மச்சாளின் அடையாள அட்டையில் இருந்தது கிளிநொச்சி முகவரி. அந்த ஒரு வரி போதும், பிடித்துக்கொண்டு போய் இருத்தி விசாரிக்க. அதனால் அவர் படியிறங்குவதே இல்லை. கடல் நடந்து போகிற தூரத்தில் இருந்தும், எதிரே இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே நாடா போலத் தெரிந்த துண்டை மட்டுமே பார்த்தார். ரயில் போகும் சத்தத்தை வைத்து அது எந்தப் பக்கம் போகிறதென்று சொல்லுவார். "ஒருத்தரும் என்னை அடைச்சு வைக்கேல்லை மச்சாள். திறந்த கதவுக்குள்ளைதான் இருக்கிறன்" என்று ஒருநாள் சொன்னார். நான் தினமும் படியிறங்கி வேலைக்குப் போய்வந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் கோபம்தான் வரும். அன்று சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வெங்காயம் வெட்டினேன்.

வீட்டில் அண்ணன் விட்டுப்போன ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. மச்சாளின் உலகம் அதற்குள் இருந்தது என்று சொன்னால் பெரிய பேச்சாக இருக்கும். உண்மையில் அதற்குள் இருந்தது அவருடைய அம்மாவின் குரல். வன்னி ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு வந்த ஒரு தாதி, கைபேசிச் சில்லு ஒன்றில் அதைக் கொண்டுவந்து தந்தார். கேட்டு, கொம்பியூட்டரில் ஏற்றி, பயத்தில் சில்லை உடைத்து எறிந்துவிட்டோம். பக்திப் பாட்டுகளுக்கு நடுவே பாட்டுப் போலப் பெயர் வைத்து மச்சாள் அதை ஒளித்து வைத்தார். நானும் கேட்டிருக்கிறேன். கோழி கொக்கரிக்கிற சத்தம். பிறகு, "பிள்ளை, சாப்பிட்டியோ? நாங்கள் சுகம். மாத்தளன் பக்கம் போகச் சொல்லுறாங்கள். தம்பியைக் கொண்டு போட்டாங்கள். அதை ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன." அவ்வளவுதான். ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் அந்த அம்மா. மச்சாளின் தம்பியை இயக்கம் பிடித்துப்போனதைச் சொல்லும் அந்த ஒரு வரி வேறு யார் காதிலாவது விழுந்தால் அவருடைய கதை முடிந்தது. அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அந்தக் கொம்பியூட்டர் ஒருநாள் செத்துப் போயிற்று. பொத்தானை அமர்த்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும், திரை கறுப்பாகவே இருக்கும். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கலாம். அந்த நாள்களில் வீடு சோதிக்க வருகிறவர்கள் கொம்பியூட்டரைக் கண்டால் போடச் சொல்லுவார்கள். போட்டால், பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போட முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த ஒழுங்கையில் அப்படி ஒன்றைக் கொண்டுபோனார்கள், சொந்தக்காரரையும் சேர்த்து. எங்கள் ஒழுங்கைக்கும் வரப்போகிறார்கள் என்று கீழ்வீட்டில் கதைத்தார்கள். கடையில் திருத்தக் கொடுக்கவும் பயம், திருத்துகிறவன் அதற்குள் எதைத் திறந்து பார்ப்பானோ. உள்ளிருக்கும் பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கவும் ஏலாது. ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் வயரும் பலகையும் இருந்தால் யார் கொம்பியூட்டர் என்று நம்புவார்கள்?

மச்சாள் யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். மதர்போர்ட்டைப் பார்த்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நடுவில் வரிசையாக நின்ற கொன்டென்சர்களில் ஆறு தலை ஊதியிருந்தன. "மதர் செத்துப் போச்சு மச்சாள். ஆனா நெருப்புப் பிடிக்கேல்லை. இதுகளை மாத்தினா எழும்பும்" என்றார். அவருடைய கல்லூரியில் எல்லோரும் அதை மதர் என்றுதான் சொல்வார்களாம்.

என் அலுவலகத்தில் பக்கத்து மேசை அன்ரி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். அவருடைய தம்பி வீட்டோடு ரீவி திருத்துகிற கடை வைத்திருந்தார். அன்ரியிடம் போய், மச்சாளிடம் தொற்றிக்கொண்ட பேச்சில், "அன்ரி, எங்கட மதர் செத்துப் போச்சு" என்றேன். அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார். "எந்தக் கொன்வென்ற் மதர்? அவங்களைப் போய் செத்துப் போச்சு எண்டா சொல்றது? என்ன வளர்ப்பு பிள்ளை இது?" விளங்கப்படுத்திய பிறகும் அவருக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் சனிக்கிழமை என்னைத் தம்பியின் கடைக்குக் கூட்டிப்போனார். மச்சாள் சொல்லி அனுப்பிய அளவில் புதுக் கொன்டென்சர்கள் ஆறும் அங்கே கிடைத்தன. கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

பிடிபட்டால் என்ன சொல்வதென்று மச்சாள் முன்கூட்டியே சிங்களம் சொல்லித் தந்திருந்தார். அவருக்கும் அது அரைகுறைதான். "கொம்பியூட்டர் எக்கே மதர் எக்க மெருணா." கொம்பியூட்டரின் மதர் செத்துவிட்டது. சிங்களத்தில் இந்த 'எக்க' என்ற சொல் இல்லாமல் ஓர் ஆங்கிலச் சொல்லும் அசையாது. பஸ் எக்க, போன் எக்க, லைட் எக்க. பொருளுக்குத்தான் எக்க போடுவார்கள், ஆளுக்குப் போடுவதில்லை. நான் இதையெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களுக்குத் தனியாகத் தகரத்தால் அடைத்த ஒரு சின்னக் கூண்டு. உள்ளே என் வயதோ, அதற்கும் குறைவோ, ஓர் ஆமிப் பெண். என் பையைக் கொட்டினாள். கடதாசியைப் பிரித்தாள். உள்ளங்கையில் ஆறும் கறுப்பாக உருண்டன. "மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டாள். படித்தது எல்லாம் போய்விட்டது. கண்ணீர் வந்துவிட்டது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "மதர்..." என்றேன். "ஈயே... மதர் மெருணா." நேற்று மதர் இறந்துவிட்டா.

அவள் முகம் மாறியது. அடிக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். "அனே" என்றாள், ஐயோ என்று நாங்கள் சொல்வதைப் போல. கொன்டென்சர்களைத் திரும்பக் கடதாசியில் வைத்துத் தானே மடித்தாள். கொட்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள், சீப்பைக்கூட. பிறகு என் தோளில் கைவைத்து மெதுவாக ஏதோ கேட்டாள். "அம்மா நெத்துவ கொஹோமத இன்னே?" நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஏறி இருந்து, பம்பலப்பிட்டி தாண்டிய பிறகுதான், விட்டுப்போன 'எக்க' எனக்கு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் அம்மா கல்லுப் போல இருக்க, வாயால் கொன்றுவிட்டு வந்திருக்கிறேன். வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மச்சாளுக்கு நடித்தே காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. சிரிப்பு நடுவில் நின்றது. "மச்சாள், ஆருடைய அம்மாவை நினைச்சுச் சொன்னனீங்கள்?" என்று கேட்டார். "ஆருடைய அம்மாவையும் இல்லை. வாய் குழறிப் போச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இனி அந்தச் சொல்லு வேண்டாம். போர்ட் எண்டே சொல்லுவம்." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது போர்ட்தான். சாகவும் இல்லை, படுத்துவிட்டது என்றோம்.

ஈயம் உருக்கி ஒட்டுகிற அண்ணனின் பற்றாசுக்கோலை நாங்கள் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தோம். மச்சாள் அதை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டுச் சூடாக்கினார். பலகையின் பின்பக்கம் ஒரு காலைச் சூடுகாட்டி, முன்பக்கம் கொன்டென்சரை மெதுவாகச் சாய்ப்பார். பிறகு மற்றக் காலை. பல்லைப் பிடுங்குவது போல ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் பலகைக்குள் ஓடும் செப்பு வரி கிழிந்துவிடுமாம். ஈயம் அடைத்த துளைகளை என் தையலூசியால் துப்புரவாக்கினார். வெள்ளிக் கோடு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் உரத்துச் சொல்லச் சொன்னார், மாறி வைத்தால் வெடிக்கும். மணம் வெளியே போகாமல் யன்னல்களைச் சாத்தியிருந்தோம். வியர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டாமல் நான் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். பூட்டி, பொத்தானை அமர்த்தினோம். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. திரை வெளிச்சமானது. மச்சாள் முதலில் செய்தது, காதுக்குள் மாட்டிக்கொண்டு அந்தக் கோழிச் சத்தத்தைக் கேட்டதுதான். நான் எழுந்து போய் யன்னலைத் திறந்தேன்.

அடுத்த வாரமே வீடு சோதிக்க வந்தார்கள். "கொம்பியூட்டர் எக்க ஒன் கரன்ன." போடச் சொன்னார்கள், மச்சாள் போட்டார். இருவரில் இளையவன் பாட்டுகள் இருந்த இடத்தைத் திறந்து ஒன்றை அமர்த்தினான். நாதஸ்வரம் எழும்பியது. அதற்கு இரண்டு வரி கீழே அம்மா இருந்தார். மச்சாள் கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் கொஞ்சம் கேட்டான், மூடினான், கேம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும் சலித்துக்கொண்டு போனார்கள். கொம்பியூட்டர் பிழைத்துக்கொண்டது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம், அதே நாடாக் கடலோடும் ரயில் சத்தத்தோடும்.

சண்டை முடிந்தது. மச்சாளுக்கு விசாவும் வந்தது. தம்பியும் இல்லை, அம்மாவும் இல்லை. முகாம்களில் தேடினோம், ஆஸ்பத்திரிகளில் தேடினோம். கடைசியாகக் கண்டேன் என்று சொல்லக்கூட ஒருவர் அகப்படவில்லை. செத்தவர் என்று சொல்ல ஆளில்லாததால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசத்துக்குத் திதி இல்லை. துக்கம் விசாரிக்கவும் ஒருவரும் வரவில்லை. விசாரித்தால் செத்துப் போனார் என்று தீர்த்த மாதிரி ஆகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். நானும்தான் வாயைத் திறக்கவில்லை. லண்டனுக்குப் போன் எடுத்தால் குளிரைப் பற்றிக் கதைப்போம்.

போன மாதம் மச்சாள் தானே எடுத்தார். சுகம் விசாரித்துவிட்டு, "அண்டைக்கு அந்த ஆமிப் பிள்ளை உங்களிட்டை என்ன கேட்டவ? சரியாச் சொல்லுங்கோ" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சிங்களத்தில் சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன். "அம்மா இல்லாமல் எப்பிடி இருக்கிறது எண்டு கேட்டவ."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"ஓம்" என்றார் மச்சாள். "அதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

"எப்பிடி மச்சாள் இருக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். தையல் பெட்டி மடியில் திறந்து கிடந்தது. தலை வெடித்த அந்தக் கொன்டென்சரைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.