பம்ளிமாஸ் நிலா

நேற்று மருமகள் பம்ளிமாஸ் உரித்தாள். அந்த வாசனை வந்ததும் நாற்காலியைத் திருப்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கிழவனின் கிறுக்குகளில் ஒன்று என்று விட்டுவிட்டாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் வாத்தியார். மீசையும் அறிவும் நிறைய இருப்பதாக நினைப்பு; இரண்டுமே அரும்புதான். நிலா தேய்வது பூமியின் நிழலால் என்று ஒருநாள் அளந்துவிட்டேன். முனியன் மகள் பட்டு எழுந்தாள்.

"சார், காலையில கிழங்குக்குக் களை புடுங்கறப்ப சூரியனும் அரை நிலாவும் ஒண்ணா நிக்குதே. நிழல் எங்கிட்டிருந்து வருது?"

கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை, பச்சைத் தோல் சீவிய வெள்ளைப் பம்ளிமாஸை வெயிலில் தூக்கி, வானத்து நிலாவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நிலாவில் எந்தப் பாதி வெளிச்சமோ, பழத்திலும் அதே பாதி! சூரியன் எப்போதும் பாதியை வெளுக்கிறது. நம்மைச் சுற்றிவரும் நிலாவில் அந்தப் பாதி நமக்கு எவ்வளவு தெரிகிறதோ, அதுதான் பிறை. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கிராணியும் தட்டினான். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, என்னோடு ஒரே பாயில் படுத்த சிநேகிதன். "அடேய், பிரமாதம்லா! பெரியவங்களுக்கும் காட்டு. பெரட்டுக் களத்துல வச்சுக்கலாம்."

போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்த நாட்கள் அவை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தாலே ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். எனக்காக வந்தார்கள்.

"வாத்தியாரே, லோரி கீரி வந்துறாதே?" என்றார் முனியன்.

"நான் இருக்கேன்லா அண்ணே!"

கிராணிதான் வரிசையை ஒழுங்கு செய்தான். எல்லோரும் மேற்கே நிலாவைப் பார்த்து, ரப்பர் ஷீட் உலர்த்திய, பாழாய்க் கிடந்த புகைவீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றோம். நான் பழத்தைத் தூக்கினேன். அத்தனை பேரும் அண்ணாந்தபோது பின்னால் துப்பாக்கிகள் வந்து நின்றன. லோரி விடிவதற்கு முன்பே புகைவீட்டு மறைவில் காத்திருந்ததாம்.

கிராணி பெயர்களைப் படித்தான். என் பெயர் இல்லை. நட்பாம்!

மறுநாள் பட்டு கேட்டாள்: "சார், நீங்களும் கூட்டா?"

"இல்லம்மா" என்றேன். நானும் மேற்கே பார்த்துத்தான் நின்றேன் என்பதை எந்தப் பழத்தை வைத்துக் காட்டுவது? அவள் அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. முனியன் சயாமிலிருந்து வரவில்லை.

இப்போது அங்கே ரப்பர் மரமில்லை, புகைவீடில்லை, பெரட்டுக் களமில்லை; எல்லாம் புது வரிசை வீடுகள். காலை நிலா மட்டும் அதே மேற்கில் வருகிறதாம். வாசலுக்கு முதுகைக் காட்டி அதை அண்ணாந்து பார்க்கும் தைரியம் என்னிடமிருந்து அன்றைக்கே போய்விட்டது.