பதினோரு பேருக்கு எழுதிக்கொடுத்த அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுப் பையன் என் அப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். இரண்டு பக்கம், அப்போதுதான் பிரிண்ட் எடுத்த சூடு. பெங்களூர் ஹெப்பகோடியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் இங்கிலீஷ் ஒழுங்காக எழுதுகிறவள் என்று எனக்கொரு கெட்ட பெயர் உண்டு. அதனால் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் எல்லாம் எஸ்.ஓ.பி.யைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வரும். எஸ்.ஓ.பி. என்றால் வேறொன்றுமில்லை, ‘ஐயா, நான் ஏன் இந்தப் படிப்பைப் படிக்க ஆசைப்படுகிறேன் என்றால்’ என்று பல்கலைக்கழகத்துக்காரன் முன்னால் கைகட்டி நின்று இரண்டு பக்கத்துக்குச் சொல்கிற கதை. முதல் வரியைப் படித்தேன். ‘என் தந்தை ஒரு லிஃப்ட் ஆபரேட்டர்’ என்று இருந்தது. இந்தப் பையனின் அப்பா மருந்துக் கம்பெனியில் மேனேஜர். எங்கள் லிஃப்ட் ஐந்து நிமிடம் நின்றுபோனால் செக்யூரிட்டியை வாய்க்கு வந்தபடி ஏசுகிற மனிதர்.

“எங்கடா எடுத்த இத?”

“நெட்ல சாம்பிள்னு கிடந்துச்சு ஆன்ட்டி. ஓப்பனிங் செம டச்சிங்கா இருக்குல்ல?”

டச்சிங்காகத்தான் இருந்தது. எழுதினவளுக்குத் தெரியாதா? சின்னச் சின்ன மாற்றம் செய்திருந்தார்கள். அப்பாவைப் புனேவுக்குக் குடியேற்றியிருந்தார்கள். மற்றபடி என் வாக்கியம், என் அரைப்புள்ளி, என் அப்பா. இரண்டு இடத்தில் கமா போட்டு, “நல்லா இருக்கு, அனுப்பு” என்று திருப்பிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய, போலீசுக்கா போக முடியும்? முதல் திருடியே நான்தான்.

அந்தத் தாளிலிருந்து வந்த பிரிண்டர் மையின் வாடை இருக்கிறதே, அதை முகர்ந்தால் எனக்கு உடனே வயிறு எரிய ஆரம்பித்துவிடும். இந்திரா நகரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில், பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புகிற கன்சல்டன்சியில் மூன்று வருஷம் அந்த வாடையில்தான் வாழ்ந்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். எங்கள் மர்பி டவுன் தெருவில் முதல் பெண் இன்ஜினியர் என்று சாக்லேட் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் மெஷின் பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவைக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வரவில்லை. “நைட் ஷிஃப்ட் இருக்குமேம்மா” என்பார்கள், ஏதோ அவர்கள் வீட்டுப் பெண்ணை அனுப்பச் சொன்ன மாதிரி. கடைசியில் இங்கிலீஷ் தெரியும் என்று எஸ்.ஓ.பி. எழுதுகிற வேலை கிடைத்தது.

முதலாளி சுதீர் சார். மூன்று தலைமுறைக்கு முன் பெங்களூர் வந்து செட்டிலான தமிழ்க் குடும்பம். வாடிக்கையாளர்களிடம் கன்னடம், போனில் இங்கிலீஷ். என்னிடம் மட்டும் எப்போதாவது தமிழ் வரும். தமிழ் வந்தது என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் வரவேண்டும் என்று அர்த்தம். ஆனால் ஒரு வாக்கு கொடுத்திருந்தார்: “ரெண்டு வருஷம் இரும்மா, உன் ஃபைலை நானே ஃப்ரீயா பண்ணித் தர்றேன். நீயும் எம்.எஸ். போலாம்.” அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மாட்டுக்கு முன்னால் புல்லைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் புல்.

வருகிற பிள்ளைகளிடம் ஒரு படிவம் கொடுப்போம்: இந்தத் துறையில் ஆர்வம் வரக் காரணமான சம்பவம் எது? முக்கால்வாசிப் பேர் ‘நத்திங்’ என்று எழுதுவார்கள். ஒருத்தன் ‘டாட் சொன்னார்’ என்று எழுதியிருந்தான். இதை வைத்துக்கொண்டு நான் இரண்டு பக்கம் கண்ணீர் வரவழைக்க வேண்டும். உடைந்த ரேடியோவைப் பிரித்த கதை, பழுதான ஃபேனைச் சரிசெய்த கதை எல்லாம் எழுதித் தீர்ந்துபோனது. ஒரு நாள் மத்தியானம், கதை கிடைக்காத கடுப்பில், என் அப்பாவை எடுத்துப் போட்டுவிட்டேன்.

எம்.ஜி. ரோடு பக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் அப்பா லிஃப்ட் ஓட்டினார். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு மர ஸ்டூல். சனிக்கிழமை அரைநாள் பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். ஏறுகிறவர்கள் எல்லாம் “ஓ, பொண்ணா?” என்பார்கள். கிரீஸ் வாடையும் அப்பாவின் தலையெண்ணெயும் யாரோ பூசிய சென்ட்டும் கலந்து ஒரு வாடை வரும். ஒருமுறை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் மோட்டார் அறையைத் திறந்து காட்டினார். பெரிய சக்கரம், கயிறு கயிறாக இரும்பு வடம். நாம் மேலே வந்தால் இரும்பு எடை ஒன்று கீழே போகும் என்று சொன்னார். நான் எஸ்.ஓ.பி.யில், ‘ஒருவர் உயர வேண்டுமென்றால் இன்னொன்று இறங்கியாக வேண்டும், மகளே’ என்று அப்பா சொன்னதாக எழுதினேன். நிஜத்தில் அவர் சொன்னது, “கை வெக்காத, வெச்சா கை போயிடும்” என்பதுதான். அப்பா தத்துவம் எல்லாம் பேசுகிற ஆளே இல்லை.

அந்த எஸ்.ஓ.பி. பிய்த்துக்கொண்டு போனது. சுதீர் சார் படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத கொஞ்சம் அங்க இங்க மாத்தி மத்தவங்களுக்கும் போடும்மா” என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. அவருக்கென்ன, அப்பா என்னுடையவர்தானே. நானும் மறுக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அப்பாவை ஒருத்தனுக்கு மாமா ஆக்கினேன், ஒருத்திக்குப் பக்கத்துவீட்டுக்காரர் ஆக்கினேன். மொத்தம் பதினோரு பேர். வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, “ஆபீஸ்ல என்னாம்மா வேல?” என்று கேட்பார். “லெட்டர் எழுதறதுப்பா” என்பேன். எழுத்து வேலை என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

மூன்றாவது வருஷம் எனக்கு இடம் கிடைத்தது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கு நான் எதற்கு விளம்பரம் கொடுக்க வேண்டும்? கட்டணத்தில் பாதி தள்ளுபடி, மீதிக்கு வங்கிக் கடன், எல்லாம் தயார். விசா ஒன்றுதான் பாக்கி. என் எஸ்.ஓ.பி.யிலும் அதே அப்பாதான். பதினோரு பேருக்குக் கொடுத்த அப்பாவை எனக்கு நான் எழுதிக்கொள்ளக் கூடாதா? அப்படித்தான் நினைத்தேன். தவிர, பல்கலைக்கழகங்கள் வேறு வேறு. யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

விசா நேர்காணலுக்குச் சென்னை போகவேண்டும், அப்பாவும் துணைக்கு வந்தார். சுதீர் சாருக்கு ஒரு பழக்கம், சந்தைக்கு மாடு ஓட்டுகிற மாதிரி எல்லோருக்கும் ஒரே நாளில் தேதி வாங்கிவிடுவார். அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார். எனக்கு முன்னால் கோரமங்களா பில்டர் மகன் ரோஹித். அவனுக்கு அப்பாவை நான் தாத்தா ஆக்கியிருந்தேன். முந்தின சனிக்கிழமைதான் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். “‘மை கிராண்ட்ஃபாதர்’னு சொல்லிட்டு ஒரு செகண்ட் நிறுத்து, கீழ பாரு, அப்புறம் மேல சொல்லு” என்று நானே சொல்லிக்கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

விசா ஆபீஸ் ஜன்னல்கள் நம் ரயில்வே டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி. முன்னால் நிற்பவன் பேசுவது வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். ஏன் இந்தப் படிப்பு என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேட்டான். ரோஹித், “மை கிராண்ட்ஃபாதர்” என்றான். நிறுத்தினான். கீழே பார்த்தான். பிறகு என் அப்பாவின் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மோட்டார் அறை எல்லாம் அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. அந்தச் சோம்பேறி ஒரு வார்த்தைகூட விடவில்லை. அதிகாரி சிரித்தான், வாழ்த்துச் சொன்னான், பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டான். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ரோஹித் திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அடுத்தது நான், அதே ஜன்னல்.

பதினைந்து அடி நடக்க வேண்டும். அதற்குள் வேறொரு கதை சொல்லியிருக்கலாம். ரேடியோவை எடுத்திருக்கலாம், ஃபேனை எடுத்திருக்கலாம். நாள் பூராவும் மற்றவர்களுக்குக் கதை கட்டின எனக்கு என் முறைக்கு ஒன்று வராதா? வந்திருக்கும். ஆனால் உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. அவன் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா? அவர் என் அப்பா. கேட்டதும் சொன்னேன், நிறுத்தாமல், கீழே பார்க்காமல்.

“உங்களுக்கும் லிஃப்ட்டா?” என்று இங்கிலீஷில் கேட்டான் அதிகாரி. பக்கத்து ஜன்னல் பெண்ணிடம் ஏதோ சொன்னான். அவளும் சிரித்தாள். என் அப்பா நிஜமாகவே லிஃப்ட் ஆபரேட்டர்தான், வெளியேதான் நிற்கிறார், கூப்பிடுங்கள் என்றேன். “நிச்சயமாக” என்றான், ரொம்ப மரியாதையாக. பாஸ்போர்ட்டை ஒரு துண்டுத்தாளோடு வெளியே தள்ளினான். உங்கள் நோக்கம் எங்களுக்குத் திருப்தியளிக்கவில்லை என்று அதில் அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

எதிர்ப் பிளாட்பாரத்தில், அத்தை மகன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில், என் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். மத்தியான ரயிலில் ஏறினோம். ஜோலார்பேட்டை தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

“என்னாம்மா கேட்டான்?”

“உன்னப் பத்திதாம்பா கேட்டான்.”

“லிஃப்ட்டுல இருக்கறேன்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“அதான். கிளார்க்குன்னு சொல்லி இருந்தா முடிஞ்சிருக்கும். அவனுக்கு எங்க தெரியப்போவுது?”

அப்போது சொல்லியிருக்கலாம். அது இல்லப்பா காரணம், நான் உன்னைப் பதினோரு பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன், அதனாலதான் என் வாயில வந்தப்ப நீ பொய்யாயிட்டே என்று சொல்லியிருக்கலாம். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. எழுத்து வேலை பார்க்கிற மகள் என்று அவர் வைத்திருந்த பெருமை எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு விலையாக, தன் வேலையால்தான் பெண்ணின் படிப்பு போயிற்று என்று அவர் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

பத்து நாள் கழித்து ஒரு கவரை நீட்டினார். கட்டட மேனேஜர் பின்னாலேயே நடந்து நடந்து ஒரு சர்டிஃபிகேட் வாங்கியிருந்தார். அப்பா அங்கே ‘மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர்’ என்று முத்திரையோடு எழுதியிருந்தது. “அடுத்த வாட்டி இத காட்டு. ஸ்ட்ராங்கா இருக்கும்” என்றார். அடுத்த வாட்டி என்று ஒன்று நடக்கவில்லை. சுதீர் சார், “பேட் லக்மா, அடுத்த பேட்ச்ல பாக்கலாம்” என்றார். நான் வேலையை விட்டேன், மேஜைமேல் இருந்த பிரிண்டரைக் கீழே தள்ளிவிட்டுத்தான் வந்தேன். அது உடையக்கூட இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிற வேலையில் சேர்ந்தேன், இன்னும் அதிலேதான் இருக்கிறேன்.

அப்பா மட்டும் அந்தச் சர்டிஃபிகேட்டை விடவில்லை. ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், யார் கேட்டாலும் சூப்பர்வைசர் என்றே சொல்ல ஆரம்பித்தார். அதற்கு முன்னால் மர்பி டவுன் பூராவும் “லிஃப்ட்காரரே” என்று கூப்பிட்டால் “சொல்லுப்பா” என்று திரும்புகிற மனுஷர். பிறகு அப்படிக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி போய்விடுவார். கட்டடத்தில் பட்டன் லிஃப்ட் போட்டார்கள், ஸ்டூலை எடுத்தார்கள், அவரையும் எடுத்தார்கள். அப்புறம் கட்டடத்தையே இடித்தார்கள். கன்சல்டன்சியும் இப்போது இல்லை; அந்த மாடியில் பிரியாணி விற்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்பா போய்விட்டார். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் பாடைக்கு முன்னால் பேனருக்குச் சொல்லிவிடுவார்கள். தம்பி விவரத்தை எழுதிக் கொடுத்து என்னை ஜோகுபாளையத்து ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினான். கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “அக்கா, ஒரு வாட்டி நல்லா பாத்துக்கோங்க. பிரிண்ட் போட்டா மாத்த முடியாது” என்றார். சிரித்த முகம், பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. பெயருக்குக் கீழே, ‘ஓய்வு பெற்ற மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர்’ என்று போட்டிருந்தது. தம்பியைப் போனில் கேட்டேன். “அப்பாதான் அப்படிப் போடணும்னு சொல்லி வெச்சிருந்தாரு” என்றான்.

போனை வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். “சரியா இருக்குப்பா, போட்டுடு” என்றேன்.