மரத்தவளையின் தொடை நிறம்

கையெழுத்தும் பிழைகளும் மோசம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடையில் வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கிறேன். வேலை இல்லாத நாட்களில் வேன் ஓட்டுவேன். அப்படித்தான் தவளைகளை ஆராயும் ஒரு கல்லூரிப் பேராசிரியையை மேகமலைக்கு அழைத்துப் போனேன். யாருமே இதுவரை பதிவு செய்யாத மரத்தவளை ஒன்று அங்கே கிடைத்தது. கெடாமல் இருக்க ஆல்கஹாலில் போட்டதும் அதன் நிறம் வெளுத்துவிட்டது. பேராசிரியை போட்டோவைப் பார்த்து, "தொடை மஞ்சள்" என்று எழுதிக்கொண்டார். உயிரோடு நான் பார்த்த நிறம் அதுவல்ல. கூச்சத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "கஸ்டமர்ட்ட கலருக்காக அம்புட்டுச் சண்டை போடுறீக. அந்தம்மாட்ட மட்டும் வாய்ல கொழுக்கட்டையா?"

மூன்று நாள் தகரத் துண்டுகளில் மஞ்சளும் சிவப்பும் கலந்து கலந்து பார்த்தேன். தவளைத் தோல் ஈரமானது என்பதால் மேலே வார்னிஷும் பூசினேன். சரியாக வந்ததும் கல்லூரிக்கே போய் அந்தத் தகரத்தை நீட்டினேன்.

"மஞ்சள் இல்லம்மா. இதுதான்."

"உறுதியாச் சொல்றீங்களாண்ணே?"

"உறுதிதாம்மா."

அடுத்த வாரம் மறுபடி மலைக்குப் போனோம். உயிருள்ள தவளை ஒன்றின் தொடையருகே தகரத்தை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம். மஞ்சள் என்பதை அடித்துவிட்டு ஆரஞ்சு என்று எழுதி, "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லண்ணே?" என்றார்.

நான் வாயை மூடியிருந்தால் அந்தத் தவளை இல்லாத நிறத்தோடே புத்தகத்தில் ஏறியிருக்கும். இப்போதெல்லாம் குரல் நடுங்கினாலும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுதி முடித்தது: ஆவணி 3.