அன்ரனின் நாய்க்கு ஜெர்மன்காரர் வைத்த பேர்

இன்று பின்னேரம் பக்கத்து வீட்டு முற்றத்தில் நான், மருமகள் மேரி, வீட்டுக்காரி றோசலி, ஜெர்மனியிலிருந்து வந்து நிற்கிற அவள் மகன் அன்ரன், அவன் கொண்டுவந்த, டக்ஸ்ஹுண்ட் என்கிற கட்டைக்கால் நாய்.

"டக்ஸ்ஹுண்ட் எண்டா என்னடா?" என்று கேட்டேன்.

"டக்ஸ் எண்டா வளை தோண்டி இருக்கிற ஒரு மிருகம், பெரியம்மா. ஹுண்ட் எண்டா நாய். வளைக்குள்ள பூந்து அதைப் பிடிக்கத்தான் வளர்த்தவை."

மடு மாதா கோயிலுக்கு நேர்ந்துவிட்ட என் சேவலைக் காலையிலிருந்து காணவில்லை. கூட்டுக்குக் கீழே புதிதாகத் தோண்டின வளை. சேவலைப் பற்றியோ வளையைப் பற்றியோ அங்கே நான் வாயே திறக்கவில்லை.

"உங்கட சேவலை மரநாய்தான் கொண்டுபோயிருக்கும், அக்கா," என்று றோசலி முந்திக்கொண்டாள்.

மேரி என்னைப் பார்த்தாள்.

நாயை மன்னித்துவிட்டேன், அது பேருக்கேற்ற வேலைதான் செய்தது. அன்ரனும் உள்ளதைத்தான் சொன்னான். எல்லாம் தெரிந்துகொண்டே விடிய என்னோடு வேலி வேலியாய்ச் சேவல் தேடினவளை நீங்கள் என்றால் மன்னிப்பீர்களோ, சொல்லுங்கோ?

நான் மாட்டேன், றோசலி.