மைனஸ் அரை

பேருந்துச் சீட்டின் பின்புறம் மைனஸ் இரண்டு, மைனஸ் அரை, பூஜ்யம், அரை, இரண்டு என்று எழுதிக்கொண்டே இறங்க வேண்டிய சுவார்கேட் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறாள் மிருண்மயி ஃபாட்டக். அவளுக்கு இது வாரத்தில் இரண்டு முறையாவது நடக்கும்.

காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வயது முப்பத்துநான்கு. அவளுக்குப் பிடித்த நுழைவுத் தேர்வுக் கணக்கோ விசித்திரமானது. ஒரு கேள்வி, இரண்டு தகவல்கள் கொடுப்பார்கள். விடை கேட்க மாட்டார்கள். விடை சொல்ல அந்தத் தகவல் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். அந்தப் பித்து வீடு வரை வந்துவிட்டது. “மழை வருமா வஹினி?” என்று நாத்தனார் அண்ணியிடம் கேட்டால், “மேகம் மட்டும் போதாதுடி. காத்தும் வேணும்” என்பாள்.

மேலாண்மை நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டவள். கணக்கில் அல்ல, ஆங்கிலத்தில். படித்த பயிற்சி வகுப்பிலேயே கணக்கு சொல்லித்தர வேண்டும் என்பது அவள் ஆசை. “தேறாதவங்க சொல்லிக்குடுத்தா பசங்க எப்படிம்மா நம்புவாங்க?” என்று ஒரு வருடம் இழுத்தடித்தார் இயக்குநர் பர்வே. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபது பேர் முன்னால், பத்து நிமிடம் கொடுத்தார். சரிவராவிட்டால் அதோடு சரி.

அவள் பலகையில் கேள்வியை எழுதினாள். ஓர் எண், ஒன்றைவிடப் பெரியதா? முதல் தகவல்: அதன் வர்க்கம் அதைவிடப் பெரியது. இரண்டாவது: அதன் கனமும் அதைவிடப் பெரியது.

பர்வேக்குப் பொறுக்கவில்லை. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

“வர்க்கத்துல மைனஸ் ரெண்டு நுழைஞ்சிடும். கனம் எடுத்தா மைனஸ் எட்டு, வெளிய விழுந்துடும். ஆக ரெண்டும் சேர்ந்தா போதும். பத்து செகண்ட் வேலை.”

அறுபது பேரும் குறித்துக்கொண்டார்கள்.

“மைனஸ் அரை போட்டுப் பாருங்க சார்.”

“ஏம்மா, அதுவும் மைனஸ்தானே?”

“வர்க்கம் கால். கனம் மைனஸ் அரைக்கால். மைனஸ் அரையை விட ரெண்டுமே பெரிசு. ஆனா ஒன்னைவிடச் சின்னது சார் இது.” மிருண்மயி மாணவர்கள் பக்கம் திரும்பினாள். “ரெண்டும் சேர்ந்தாலும் போதாது.”

பர்வே பலகையில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். கடைசி வரிசையில் யாரோ கைதட்ட, அறையே அதிர்ந்தது. அவளுக்கு அப்படியொரு மகிழ்ச்சி. பறக்காதது ஒன்றுதான் பாக்கி.

“சரி, இனி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உங்களோடது. நடத்துங்க” என்று பேனாவை நீட்டினார்.

வாங்கியவள் நேராகப் பலகையின் வலது மூலைக்குப் போனாள். ‘ஆசிரியர்: பர்வே’ என்றிருந்ததில் பெயரை மட்டும் புறங்கையால் அழித்துவிட்டுத் தன் பெயரை முழுதாக எழுதினாள்.