அப்பாவின் கசெட்டில் ஐந்து நிமிடம்

திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவுக்கு முதன்முதல் கம்பியூட்டர் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். பிறகு சண்டை வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆனாலும் அந்தத் தெருவில் கம்பியூட்டரில் விரல் வைத்த முதல் பெட்டைப்பிள்ளை நான். இதை இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதை ஒரு கப்பல்காரனிடம் அரை விலைக்கு வாங்கி வந்தார். ரப்பர் எழுத்துகள் பதித்த ஒரு கறுப்புத் தட்டு, அவ்வளவுதான்.

"உந்தத் தட்டையோ கம்பியூட்டர் எண்டு உன்ர தலையில கட்டினவன்?" என்று அம்மா சிரித்தார்.

"அக்கா, உங்களுக்கு விளங்காது. படம் பாக்க எங்கட ரீவி, விளையாட்டை ஏத்த எங்கட ரேப் ரெக்கோடர். இனி ஒரு சதம் செலவில்லை!"

விளையாட்டு, கசெட்டுக்குள் வெறும் சத்தமாக இருக்குமாம். அதையும் மாமா விலைக்கு வாங்கவில்லை. நிலாவெளிச் சிநேகிதர் ஒருவர், நாங்கள் பிரதி எடுக்கவென்று, தன் கசெட்டையும் ரேப் ரெக்கோடரையும் சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்தார். கடைசி பஸ்ஸுக்கு அவர் திரும்ப வேண்டும். இரண்டு ரேப் ரெக்கோடரையும் வயரால் பொருத்திய பிறகுதான் மாமா தலையில் கை வைத்தார். பதிவதற்குக் கசெட் இல்லை. கடைகளும் பூட்டு. சிநேகிதர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் அலுமாரிக்கு ஓடினேன். அப்பா அப்போது சவூதியில். அம்மாவுக்கு வாசிக்க வராது என்பதால் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட் ஒன்று அங்கே இருந்தது. சண்டை மூண்ட பிறகு வேறொன்றும் வந்து சேரவில்லை.

"முன்னுக்கு ஒரு விசயமும் இல்லை மாமா. சும்மா அம்மாட பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுறார், சாப்பிட்டீரோ, படுத்தீரோ எண்டு. விசயமெல்லாம் பிறகுதான்."

"அஞ்சு நிமிசம் காணுமடி, விளையாட்டு முழுக்க அதுக்குள்ள அடங்கும்!" மாமா அதைப் பறித்துக்கொண்டார்.

பதிந்தோம். சிநேகிதர் பஸ்ஸுக்கு ஓடினார். மாமா எங்கள் கசெட்டைப் போட்டார். கீச்சென்று கத்தியது, ரீவி முழுக்கக் கோடுகள் ஓடின, பிறகு ஒரு குட்டி மனிதன் துள்ளிக்கொண்டு வந்தான்! ஜன்னலில் அயல் பிள்ளைகள் தொங்கினார்கள்.

"அமத்தடி, அவன் விழப்போறான்!"

"நீ பொத்து வாயை. கம்பியூட்டர் எங்கட!"

மறுநாள் மத்தியானம், ஞாயிறுகளில் செய்வது போலவே, அம்மா அந்தக் கசெட்டைப் போட்டார். கீச்சென்றது. மாமா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அம்மா அவரைக் கையால் தடுத்துவிட்டு, ஐந்து நிமிடமும் அந்த இரைச்சலைக் கேட்டார். பிறகு அப்பாவின் குரல் பாதியிலிருந்து வந்தது: "...கூரைக்கு ஓடு மாத்த வேணும்."

"பாத்தீங்களோ அம்மா, விசயம் ஒண்டும் அழியேல்லை!" என்று நான் கைதட்டினேன்.

அம்மா நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி, மறுபடியும் இரைச்சலையே போட்டுக் காதை நெருக்கி வைத்துக்கொண்டார். வீட்டில் இருக்கும்போது அப்பா அவரை "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொன்னது அந்தக் கசெட்டில் மட்டும்தான்.

எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. அம்மாவுக்கும் கம்பியூட்டர் பிடித்துப்போயிற்று என்று அயல் பிள்ளைகளிடம் சொல்ல ஓடினேன்.